ஒன்பதாவது கிழமை

பெய்ஜிங்கில் எட்டுக் கிழமை சீன மொழி வகுப்பு. ஜூன் கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடிகிறது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. முற்பணம் கட்டுவதற்குக் கடைசி நாள் வெசாக்குக்கு முந்திய வெள்ளி. போவதா விடுவதா என்பதை இரண்டு மாதமாக பஸ்ஸிலும் குசினியிலும் வேலைத்தலத்திலும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

‘சமர் கோர்ஸ்’ என்று சொல்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பூட்டிக் கிடக்கும் காலம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு வசதிதான். எங்களுக்கோ அது சீசன். சித்திரை பிறந்தபின்தான் இலங்கையின் கிழக்குக் கடல் அடங்கும். தென்கரையில் அலை அடிக்கிற ஜூலையில் பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போகலாம். நான் அங்கே ஒரு ஹோட்டலின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். ஜூலை, ஓகஸ்டில் எட்டுக் கிழமை லீவு கேட்பது, மாமாங்கத் தீர்த்தத்தன்று கோயில் ஐயர் லீவு கேட்பதைப் போன்றது. மேலாளர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஹோட்டல் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் அடிப்படைச் சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை. பில்லில் சேரும் பத்து வீத சேர்விஸ் சார்ஜை மாதக் கடைசியில் பிரித்துத் தருவார்கள். வருசம் முழுக்க நாங்கள் தாக்குப்பிடிப்பது அதில்தான். சீசனில் அது சம்பளத்தையே தாண்டும். மாரியில் தேத்தண்ணிக் காசுக்குக்கூடக் காணாது. ஆகவே பெய்ஜிங் வகுப்பின் விலை என்பது கட்டணம், விமானச் சீட்டு, விசா என்பவற்றோடு முடிவதில்லை. அந்த இரண்டு மாத சேர்விஸ் சார்ஜையும் கூட்டவேண்டும். கூட்டினேன். டொலர் முந்நூறு ரூபாயில் நிற்கும் காலத்தில் அந்தக் கணக்கை இரவில் பார்க்கக்கூடாது, நித்திரை வராது.

சீனம் எப்படி வந்தது என்றால், ஆக்கள் வந்தார்கள், அதனால் வந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த சீனப் பயணிகள் இரண்டரை இலட்சத்துக்கு மேல். அவர்களில் கொஞ்சப் பேர் பாசிக்குடாவுக்கும் வந்தார்கள். முதலில் “நி ஹாவ்”, அப்புறம் “சுடுதண்ணீர் வேணுமா?” வெயில் கொளுத்தும்போதும் அவர்கள் கேட்பது சுடுதண்ணீர்தான். பிறகு 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதன் பின் கொரோனா. வெறும் ஹோட்டலில், ஒருவரும் வராத வாசலைப் பார்த்தபடி இருந்த மாதங்களில்தான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். செங்டுவில் இருக்கும் ஓர் ஆசிரியை கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் இணையத்தில் சொல்லித் தந்தார். இன்றும் தருகிறார். சீனத்தில் ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘லௌஷி’ என்பார்கள். நாங்கள் ‘டீச்சர்’ என்கிற மாதிரியேதான்.

தமிழ்க்காரருக்குச் சீனம் கஷ்டம் என்று எல்லாரும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. ‘நேற்று வந்த ஆள்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் ஆளை முன்னுக்குத் தூக்கி வைக்கவேண்டும். சீனத்தில் ‘ஸுவோதியன் லாய் த ரென்’. நேற்று, வந்த, ஆள். தமிழ் வரிசையே வரிசை. கேள்வி கேட்க நாங்கள் கடைசியில் ஓர் ‘ஆ’ போடுகிறோம், அவர்கள் ஒரு ‘மா’ போடுகிறார்கள். அதைவிட, எங்கள் தேத்தண்ணியிலும் தேயிலையிலும் இருக்கிற ‘தே’ தென்சீனக் கரையின் பேச்சுமொழியிலிருந்து கப்பலேறி வந்த சொல்.

உச்சரிப்பில் ஒரு லாபமும் ஒரு நட்டமும். எங்கள் ‘ப’வில் காற்று வெடிக்காது, அப்படி ஒரு ‘ப’ சீனத்திலும் இருக்கிறது. ஆனால் காற்று வெடிக்கிற இன்னொரு ‘ப’வும் அங்கே உண்டு, அது எங்களிடம் இல்லை. ‘வயிறு நிறைந்தது’ என்பதற்கும் ‘ஓடு’ என்பதற்கும் சொல் ஒன்றேபோல ‘பாவ்’, சுரமும் ஒன்று. காற்று மட்டும்தான் வித்தியாசம். காலையில் கல்லடிக் கடற்கரையில் ஓடினேன் என்று மூன்று மாதமாக லௌஷியிடம் சொல்லி வந்திருக்கிறேன். இந்தப் பிள்ளை விடியமுதல் கடற்கரையில் போய் வயிறு நிறையச் சாப்பிடுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். மரியாதைக்குக் கேட்கவில்லையாம். கடைசியில் வாய்க்கு முன்னால் டிஷ்யூத் தாளைப் பிடித்து ஊதப் பழக்கினார்.

உண்மையான கஷ்டம் சுரம். நாலு சுரம் என்று புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் எங்கள் ஊரில் ‘ஓம்’ என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இழுத்தால் சம்மதம், வெட்டினால் கோபம், கடைசியில் தூக்கினால் ‘அப்படியா, நம்பச் சொல்கிறாயா’. குரல் ஏறி இறங்குவது எங்களுக்கு மனநிலை. சீனத்தில் அது சொல்லின் எலும்பு. நான் சந்தேகத்தோடு கேட்டால் குரல் தானாக ஏறுகிறது, ஏறினால் சொல் மாறிவிடுகிறது. ‘மாய்’ என்று இறக்கி ஏற்றினால் வாங்குவது, ஒரே வெட்டாக இறக்கினால் விற்பது. எழுத்திலும் அப்படித்தான்: வாங்குவதற்கான எழுத்தின் தலையில் ஒரு சிலுவைக் குறி வைத்தால் விற்பது. எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தடுமாற்றமே இல்லை. காதால் கேட்டால்தான் தடுமாறுகிறேன்.

பரீட்சை முடிவும் இதையேதான் சொன்னது. எச்எஸ்கே என்கிற சீன மொழிப் பரீட்சையில் மூன்றாம் நிலை எழுதியிருந்தேன். 600 சொல், கேட்டல், வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் நூறு. பேச்சு அதில் இருக்கவில்லை, அதற்குத் தனிப் பரீட்சை. வாசிப்பில் 91. கேட்டலில் 58. மொத்தத்தில் பாஸ். ஆனால் ஒரு கண் நன்றாகத் தெரிந்து மற்றக் கண் மங்கலான ஆளின் பாஸ்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கோடைகால வகுப்புகள் இருக்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1993இல் பெய்ஜிங்கில் தொடங்கியது அதில் பேர்போனது. எட்டுக் கிழமையில் ஒரு வருசப் பாடம். வந்திறங்கியதும் ஒரு சத்தியம்: முடியும்வரை சீனம் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று. காலையில் சின்னச் சின்ன வகுப்பு, பின்னேரம் ஆசிரியரோடு தனியே, இரவு முழுக்க அடுத்த நாள் சொற்கள், கிழமைக் கடைசியில் பரீட்சை. எனக்கு இடம் கிடைத்தது அதில் இல்லை, அதே அச்சில் வார்த்த வேறொன்றில். பேரைச் சொல்வதில் பயனில்லை.

எட்டுக் கிழமை என்ன தரும்? நாளுக்கு ஐந்து மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் மொத்தம் 200 மணித்தியாலம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் ஆட்களுக்குச் சீனம் படிப்பிக்க 2200 வகுப்பு மணித்தியாலம் என்று கணக்கு வைத்திருக்கிறது. பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ‘இரண்டு மாதத்தில் சரளமாக’ என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பவேண்டாம். ஏற்கெனவே தெரிந்த அறுநூறு, ஆயிரம் சொல்லை வாயிலும் காதிலும் இறக்கிவிட மட்டும் அது பெரும் உதவி. ஒன்றும் தெரியாமல் போகிறவருக்கு அது காசைக் கடலில் எறிவது.

தாக்குப்பிடிப்பேனா என்று பார்க்க வீட்டில் ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன். நாளுக்கு நாற்பது புதுச் சொல், கையால் எழுதி, அடுத்த நாள் காலை லௌஷியின் குரல் பதிவைக் கேட்டுச் சொல்வதெழுதல். திங்கள் முப்பத்தாறு சரி. செவ்வாயும் குறைவில்லை. புதன் இரவுப் பணி முடிந்து வந்து எழுதினேன். எழுத்துக்குள் எழுத்து புகுந்துவிட்டது, தண்ணீருக்குப் போடும் மூன்று புள்ளியை எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பதினொன்று. கச்சான் காற்று வேறு, கொப்பித் தாள் மொறுமொறுத்து அப்பளம்போல் இருந்தது. ஆனால் ஞாயிறு நித்திரை கொண்டு எழும்பிப் பார்த்தால், போய்விட்டன என்று நினைத்தவற்றில் பாதி தானாகத் திரும்பி வந்திருந்தன. வேலையும் படிப்பும் சேர்ந்தால் ஏலாது, படிப்பு மட்டுமென்றால் ஏலும். முப்பத்துமூன்று வயதுத் தலை இன்னும் அவ்வளவு மோசமில்லை என்று ஒரு சின்னச் சந்தோசம்.

வீட்டில் பேச்சு வேறு திசையில் போனது. அம்மாவின் முதல் கேள்வி: “அங்க வெள்ளிக்கிழமைக்கு மரக்கறி கிடைக்குமா புள்ள?” கிடைக்கும், ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம் என்று அர்த்தம் என்றேன். அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா. அம்மாவின் சுரம் என்னுடையதைவிட நன்றாக விழுந்தது, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ஓய்வுபெற்ற வாத்தியாரான மாமா “தமிழனுக்குச் சீனம் என்னத்துக்கு?” என்று தொடங்கினார். நான் காலிக் கல்வெட்டை எடுத்தேன். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்து நட்ட கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் இருந்த தேனாவரை நாயினாருக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். அறுநூறு வருசத்துக்கு முதல் எவரோ ஒருவர் தமிழையும் சீனத்தையும் ஒரே கல்லில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார், நான் என்ன புதிதாகவா கேட்கிறேன் என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கல்லு வெட்டினவனுக்கு ராசா சம்பளம் குடுத்திருப்பான். உனக்கு ஆர் தாற?”

அது பகிடி. அம்மா இரவு புட்டுக் குழைத்துக்கொண்டு கேட்டதுதான் பகிடியில்லை. “சரி, போய்ப் படிச்சிட்டு வந்திட்டாய். மறுகா இஞ்ச ஆரோட கதைக்கப்போறாய்?”

மறுகா. ‘பிறகு’ என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். எட்டுக் கிழமையைப் பற்றி இரண்டு மாதமாக மண்டையை உடைத்திருக்கிறேன், ஒன்பதாவது கிழமையை ஒருநாள்கூட நினைக்கவில்லை. நான் சின்ன வயதில் இருந்தது பாலமீன்மடுவில். மாரியில் வாவி முட்டினால் முகத்துவாரத்தில் மண்ணை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் பாய்ந்து கடலில் விழும். கோடையில் ஓட்டம் குறைந்ததும் கடல் மறுபடி மண்ணைக் கொண்டுவந்து போட்டு மூடிவிடும். ஒருவரும் மூடவேண்டியதில்லை. நான் திரும்பி வந்து செப்டெம்பர் ஆனால் சீசன் முடிந்திருக்கும், வாசலில் சீனரும் இருக்கமாட்டார்கள். லௌஷியோடு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். காது தைப்பொங்கலுக்கு முதல் மூடிவிடும்.

இதைக் காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு நானாவிடம் சொன்னேன். பாத்திரம், பிளாஸ்டிக், பாடசாலைப் பை எல்லாம் மொத்தமாக விற்கிறவர். வருசத்துக்கு ஒருதரம் இரண்டுதரம் சீனாவின் ஈவு நகரத்துக்குப் போய் வருவார். உலகத்தின் சில்லறைச் சாமான் எல்லாம் மொத்தமாக விற்கிற சந்தை அது. அங்கே ஹலால் சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் இருப்பதால் ஊரைவிடச் சுகம் என்பார். மொழி? “கல்குலேட்டர்தான் தங்கச்சி என்ட பாசை. நான் ஒரு நம்பர் அடிப்பன், அவன் ஒண்டு அடிப்பான், நான் தலைய ஆட்டுவன்.” ஊருக்கு வந்தபிறகுதான் பிரச்சினை. வீசாட்டில் குரல் செய்தி வரும், ஃபோனின் மொழிபெயர்ப்பு ஒன்று சொல்லும், சாமான் வேறொன்று வரும்.

“அப்ப நீங்க கதைச்சுப் பாருங்களன்” என்று அந்த இடத்திலேயே அழைப்பை எடுத்தார். சுடுதண்ணிப் போத்தல் விலை கேட்கவேண்டும். கேட்டேன். என் கேள்வி அந்த ஆளுக்கு விளங்கியது, அதிலேயே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதில் வந்தது. ‘நாற்பது யுவான்’ என்று நானாவிடம் சொன்னேன். நானாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஒரு யுவான் எங்கள் காசில் நாற்பது ரூபாய்க்கு மேல். கல்குலேட்டரில் அடித்தார், தலையை ஆட்டினார், போன வருசம் இதில் பாதிகூட இல்லையே என்றார். அதற்குள் திரையில் எழுத்தாக வந்து விழுந்தது: 14.

பத்து ‘ஷி’, நாலு ‘ஸி’. தமிழில் இப்படித்தான் எழுதலாம், சத்தம் கொஞ்சம் வேறு. பதினாலு ‘ஷிஸி’, நாற்பது ‘ஸிஷி’. பெய்ஜிங் ஆட்கள் நாக்கை வளைத்து ‘ஷ’வைச் சொல்வார்கள், வித்தியாசம் தெரியும். ஈவு இருப்பது தெற்குப் பக்கம், செஜியாங் மாகாணத்தில். அங்கே பலருக்கு ‘ஷ’வும் ‘ஸ’தான். இரண்டும் ‘ஸிஸி’. ஏறி இறங்கினால் பதினாலு, இறங்கி ஏறினால் நாற்பது. என் பாடப் பதிவுகள் முழுவதும் வானொலி அறிவிப்பாளர்களின் பெய்ஜிங் உச்சரிப்பு. வாசிப்பில் 91 எடுத்த எனக்கு ஒரு போத்தலின் விலை கேட்கவில்லை.

நானா சிரித்துவிட்டு ஒன்று சொன்னார்: “செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுதானே, வாங்க. கிழமைக்கிழமை கதைங்க. பிழை விட்டா நான் எழுத்தில கேட்டுக்கொள்றன்.” காசும் தருவாராம், கொஞ்சம்.

ஒன்பதாவது கிழமைக்கு ஆள் கிடைத்ததும் எட்டுக் கிழமைக் கணக்கே மாறிவிட்டது. நான் கேட்டுப் பழகவேண்டியது பெய்ஜிங் பேராசிரியரின் சீனத்தை இல்லை, ஈவு கடைக்காரரின் சீனத்தை. ஈவு ஜின்ஹுவா நகரத்தின் நிர்வாகத்துக்குள் வருகிறது. ஜின்ஹுவாவிலேயே செஜியாங் ஆசிரியர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கிருந்து ஈவுக்கு விரைவு ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. சீனப் பல்கலைக்கழகங்களின் தவணை செப்டெம்பரில் தொடங்கும். பாசிக்குடாவில் சீசன் முடியும் நேரம்! அவர்கள் படிப்பிக்கும் மாதங்கள் எங்கள் மாரி. மேலாளரிடம் செப்டெம்பர் முதல் ஜனவரி வரை சம்பளமில்லா லீவு கேட்டால் அவரே பெட்டி கட்டித் தருவார். கிழமைக்கு இருபது மணித்தியாலம் என்று வைத்தாலும் பதினாறு கிழமையில் 320. சீன மொழி படிப்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனங்கள் வழியாக ஐந்து மாதப் புலமைப்பரிசிலும் உண்டு: கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு அவர்கள் பாடு, விமானச் சீட்டு எங்கள் பாடு. எச்எஸ்கே சான்றிதழ் கேட்பார்கள். அந்த 58 கொஞ்சம் உறுத்துகிறது. இன்னொருதரம் எழுத ‘உதயதேவி’ ரயிலில் ஏறிக் கொழும்புக்கும், அங்கிருந்து களனிக்கும் போகவேண்டியிருக்கும்.

இழப்பு இல்லாமல் இல்லை. தவணை வகுப்பில் சத்தியம் கிடையாது. வகுப்பு முடிந்ததும் எல்லா நாட்டு மாணவர்களும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், நானும் தாவுவேன், என்னை எனக்குத் தெரியும். கோடைகால வகுப்பில் காசு கொடுத்து வாங்குவது பாடத்தையோ ஆசிரியரையோ விட அந்த வாய்ப்பூட்டைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இருபது வயதில், செலவுக்கு வேறு ஆள் இருந்து, ஜூலையில் வேலை இல்லாதிருந்தால் யோசிக்காமல் போயிருப்பேன். அப்படிப்பட்ட பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால், முதலில் அறுநூறு சொல் படித்துவிட்டுப் போங்கள்.

வெசாக்குக்கு முந்திய வியாழன் இரவு பெய்ஜிங்குக்கு மறுப்புக் கடிதம் அனுப்பினேன். சீனத்தில் எழுதினேன், லௌஷி இரண்டு இடத்தில் திருத்தினார். அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப செப்டெம்பருக்கும் மரக்கறி கிடைக்கும்தானே?” என்றா.

போன செவ்வாய் காத்தான்குடி போனேன். சீன நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் குட்டித் தூக்கம் போடுவார்கள், அதனால் காலை ஒன்பதுக்குள் பிடிக்கவேண்டும். இந்தமுறை எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. விலை சொன்னார். கண்ணை மூடிக் கேட்டேன். இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. பில் கொப்பியின் பின்பக்கத்தில் 44 என்று எழுதி நானாவுக்குக் காட்டினேன். திரையிலும் 44 வந்தது. நானா கல்குலேட்டரை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

அந்த ஆள் உடனே இன்னொரு வசனம் சொன்னார், நீளமாக, மழை பெய்வதுபோல.

“என்னவாம் தங்கச்சி?”

“தெரியல்ல நானா.” ஃபோனைக் கிட்டப் பிடித்து, இன்னொருதரம் சொல்லுங்கள் என்று சீனத்தில் கேட்டேன். சொன்னார். அதே வேகம், சத்தம் மட்டும் கூட.